முகப்பில் நாலு கோன், உள்ளே ஒரே ஒரு கெப்பாசிட்டர்: டவர் ஸ்பீக்கர் வாங்கும் முன் படியுங்கள்

"த்ரீ வே, 1000 வாட்ஸ், 8 ஓம்ஸ், உங்கள் அறைக்கேற்ற ட்யூனிங் இலவசம்." இப்படிச் சொல்லி (த்ரீ வே என்றால் பேஸ், நடு, மேல் ஸ்தாயி மூன்றுக்கும் தனித்தனிக் கோன்) விற்கப்பட்ட ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்ததில் தெரியவந்ததை இங்கே எழுதுகிறோம். விற்றவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. இதே பெட்டி நாளை வேறு ஸ்டிக்கரோடு வேறொருவரிடம் இருக்கும்.

வாங்கியவரின் புகார்கள் நான்கு. எந்தப் பாட்டைப் போட்டாலும் பேஸ் ஒரே சுருதியில் "தொம் தொம்" என்கிறது. நேரே உட்கார்ந்தால் பாடுபவரின் குரல் காதைக் குத்துகிறது, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால் மங்கிவிடுகிறது. இடது பெட்டியில் அந்த பேஸ்கூட இல்லை. அரை மணி நேரத்தில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) சூடேறித் தானாக அணைகிறது. கடையில் கிடைத்த பதில்: "ஆம்ப் பத்தாது, பெரிசா வாங்குங்க."

ஆம்ப் மேல் தவறில்லை. பெட்டியின் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தால் 3 ஓம்ஸ் காட்டியது. 8 ஓம்ஸ் வூஃபரின் (பேஸுக்கான பெரிய கோன்) மீட்டர் காட்டும் டிசி மின்தடை 6 ஓம்ஸை ஒட்டி இருக்கும். இங்கே இரண்டு வூஃபர்களைப் பேரலலாக இணைத்துவிட்டு (அப்போது ஓம்ஸ் பாதியாகிவிடும்), பின்புறம் 8 என்று அச்சடித்திருக்கிறார்கள். உண்மையில் அது 4 ஓம்ஸ் ஸ்பீக்கர், ஆம்பிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். 6 ஓம்ஸுக்குக் கீழே வேண்டாம் என்று எழுதப்பட்ட ஆம்பில் மாட்டி ஒலியைக் கூட்டினால் அணையாமல் என்ன செய்யும்?

மிட் (நடு ஸ்தாயிக்கானது) என்று காட்டிய கோனுக்குப் பின்னால் காந்தமும் இல்லை, வயரும் இல்லை. வெறும் அலங்காரம். அதைவிடப் பெரிய மோசடி, ஒலியைப் பிரித்து அந்தந்தக் கோனுக்கு அனுப்பும் கிராஸ்ஓவரில். கிராஸ்ஓவர் என்று சொல்ல அங்கே இருந்தது ட்வீட்டர் (மேல் ஸ்தாயிக்கான சின்ன கோன்) வயரில் பற்றவைத்த, கீழ் ஸ்தாயியைத் தடுக்கும் ஒரு 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மட்டுமே. 8 ஓம்ஸ் ட்வீட்டருக்கு அது சுமார் 9,000 ஹெர்ட்ஸில்தான் வழிவிடும். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 6 டெசிபெல் வீதம் இறங்குவதால் 3,000 ஹெர்ட்ஸில் ட்வீட்டருக்குப் போவது 10 டெசிபெல் குறைவாக. வூஃபர் வயரில் மேல் ஸ்தாயியைத் தடுக்கும் காயிலே இல்லை. ஆக, குரலின் தெளிவைத் தாங்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் முழுவதும் ஆறரை இன்ச் வூஃபரின் தலையில் விழுகிறது. அந்த அளவு கோன் 2,500 ஹெர்ட்ஸைத் தாண்டினால் டார்ச் வெளிச்சம் போல ஒலியை நேராக மட்டும் அனுப்பும். கோனும் ஒரே துண்டாக அசையாமல் அங்கங்கே தனித்தனியாக அதிரும். நேரே குத்தலும் பக்கத்தில் மங்கலும் இதனால்தான். ஒழுங்கான டூ வே கிராஸ்ஓவர் என்றால், 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் பிரிக்க, குறைந்தது இரண்டு காயில், இரண்டு கெப்பாசிட்டர், ட்வீட்டரின் சத்தத்தை அடக்க ஒன்றிரண்டு ரெசிஸ்டர் இருக்கும்.

இடது பெட்டியில் கீழ் வூஃபரின் வயர் தலைகீழ். ஒன்று வெளியே வரும்போது மற்றது உள்ளே போகிறது, பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. 1.5 வோல்ட் பேட்டரியை டெர்மினலில் ஒரு நொடி தொட்டாலே இது தெரிந்துவிடும்: பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் எல்லா வூஃபரும் வெளியே வரவேண்டும்.

"தொம்" எங்கிருந்து? பெட்டி 40 லிட்டர், போர்ட் (பெட்டியின் காற்றுக் குழாய்) 7.5 செ.மீ. விட்டம். 40 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய அந்தக் குழாய் ஏறக்குறைய 15 செ.மீ. நீளம் வேண்டும். இருந்தது 3 செ.மீ. பிளாஸ்டிக் வளையம், அதாவது 62 ஹெர்ட்ஸ். அறையின் உயரம் 3 மீட்டர். தரைக்கும் கூரைக்கும் இடையே ஒலி எதிரொலித்து வீங்கும் அதிர்வெண் 343-ஐ 6-ஆல் வகுத்தால் வரும் 57 ஹெர்ட்ஸ். பெட்டியின் வீக்கமும் அறையின் வீக்கமும் பக்கத்துப் பக்கத்தில். பலகை 9 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு, உள்ளே பஞ்சும் கிடையாது, குறுக்குக் கட்டையும் கிடையாது. விரல் முட்டியால் தட்டினால் தகர டப்பா.

இலவச ட்யூனிங் என்பது சுவரெங்கும் ஒட்டிய 2.5 செ.மீ. ஃபோம். 60 ஹெர்ட்ஸின் அலைநீளம் கிட்டத்தட்ட 5.7 மீட்டர், அதற்கு இந்த ஃபோம் இருப்பதே தெரியாது. அது விழுங்குவது மேல் ஸ்தாயியை மட்டும், ஆகவே "தொம்" இன்னும் எடுப்பாகக் கேட்கும். மூலைகளில் 10–15 செ.மீ. கனத்துக்கு ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு வைத்திருந்தால் கொஞ்சமாவது பலன் உண்டு. கூடவே எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்று காட்டும் ஒரு கிராஃப் கொடுத்திருக்கிறார்கள், கோடு அவ்வளவு நேர். ஒரு ஆக்டேவ் ஸ்மூத்திங் (மேடுபள்ளங்களைச் சராசரியாக்கி மறைப்பது), செங்குத்து அளவுகோல் 150 டெசிபெல். இப்படிப் போட்டால் கிணற்றுக்குள் கத்தினாலும் கோடு நேராகத்தான் வரும்! படம் வாங்காதீர்கள், அளந்த மூலக் கோப்பையே கேளுங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்மூத்திங் இல்லாமல், 50 டெசிபெல் அளவுகோலில் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன் செய்யக்கூடியது: மல்டிமீட்டர், பேட்டரி இரண்டையும் கடைக்கே கொண்டுபோங்கள். காகிதத்தைச் சுருட்டி ஒவ்வொரு கோனுக்கும் காதுக்கும் இடையே வைத்துக் கேளுங்கள், டம்மி ஊமையாக இருக்கும். இரண்டு மாடலை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதே மனதுக்கு நல்ல ஸ்பீக்கராகத் தோன்றும், விற்பவருக்கு இது நன்றாகவே தெரியும். வாத்தியமில்லாத தனிக்குரலைப் போட்டு பக்கவாட்டில் நடந்து பாருங்கள். வாட்ஸ் எண்ணை விடுங்கள், சென்சிட்டிவிட்டியை (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் எத்தனை டெசிபெல்) கேளுங்கள். 86 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 10 வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டரில் 96, 100 வாட்ஸுக்கு 106. பிஎம்பிஓ (ஊதிப் பெருக்கிய வாட்ஸ் கணக்கு) என்ற எழுத்துகள் கண்ணில் பட்டால் திரும்பி வந்துவிடலாம். கிராஸ்ஓவர் அதிர்வெண், ஓம்ஸ், டிரைவர் (உள்ளே இருக்கும் கோன் யூனிட்) மாடல் எண் மூன்றையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அவசரப்பட்டு ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். "திறந்தால் உத்தரவாதம் இல்லை" என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது காரணத்தோடுதான். மூடிய நிலையிலேயே மீட்டர் காட்டும் எண்ணையும் பின்புற லேபிளையும் ஒரே வீடியோவில் பதிவு செய்துகொண்டு, பிறகு பேசுங்கள். திருப்பி எடுக்கவே மாட்டேன் என்றால், 15 செ.மீ. பிவிசி குழாயைப் போர்ட்டில் பொருத்தி (பின்பலகைக்கும் குழாய்க்கும் குறைந்தது 7 செ.மீ. இடைவெளி), உள்சுவர்களில் பாலியஸ்டர் பஞ்சு ஒட்டினால் பேஸ் ஓரளவு அடங்கும். ட்வீட்டர் கெப்பாசிட்டரை மட்டும் பெரிதாக மாற்றிவிடாதீர்கள். அந்த மலிவு ட்வீட்டர் 3,000 ஹெர்ட்ஸைத் தாங்காது, ஒரே வாரத்தில் எரிந்துபோகலாம்.