மதுரை ஸ்கின் கிளினிக்: மாத்திரை எழுதுவதற்கு முன் காக்க வைத்த 15 நாள்

மதுரையில் நான் ஏழு மாதமாகப் போய்வருகிற ஸ்கின் கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். எக்ஸிமாவுக்கு, அதாவது கரப்பானுக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரை சாப்பிடலாமா என்று பயந்துகொண்டிருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து. ராத்திரி தூக்கத்தில் சொறிந்து, காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருக்கும். களிம்பு எல்லாம் போட்டாச்சு. வேறோர் இடத்தில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், பத்தே நாளில் தோல் வழவழவென்று ஆனது, நிறுத்திய மூன்றாவது வாரம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. அங்கே ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்துப் பார்க்கவில்லை, எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இங்கே டாக்டர் அம்மா முதல் நாளே எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை பற்றி விளக்கினார், ஆனால் எழுதித் தரவில்லை. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி, நெஞ்சு எக்ஸ்ரே, இத்தனையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அரிப்பு தாங்காமல் போனவளுக்கு எப்படி இருக்கும்? எனக்குக் கோபம்தான் வந்தது. காசநோய்க் கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருந்தால் இந்த மாத்திரை அதை எழுப்பிவிடலாம், நம் ஊரில் அது பலருக்கு இருக்கும் என்று சொன்ன பிறகுதான் அடங்கினேன். அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற மாண்டூ ஊசியை முன்கையில் கரப்பான் இல்லாத இடமாகத் தேடிப் போட்டார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் ஸ்கேல் வைத்துத் தடிப்பை அளந்து எழுதிக்கொண்டார். எல்லாம் முடிய 15 நாள்.

இன்னொன்று. என்னுடன் அத்தை வந்திருந்தார். டாக்டர் அவரிடம், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்று மரியாதையாக அனுப்பிவிட்டு, குழந்தை திட்டம் இருக்கிறதா, கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது, என்ன தடுப்பு முறை என்று கேட்டார். இந்த மாத்திரை கருவைக் கலைத்துவிடலாம், கலையாவிட்டால் ஊனப்படுத்தலாம், நிறுத்தி ஆறு மாதமாவது ஆன பிறகுதான் கருத்தரிக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டாவது குழந்தை பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அத்தை எதிரில் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இந்த டாக்டரை எல்லோரிடமும் சொல்கிறேன்.

சைக்ளோஸ்போரின் என்று இதே மாதிரி இன்னொரு மருந்து உண்டு, அது சீக்கிரம் கேட்கும், ஆனால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் விடாமல் கவனிக்க வேண்டும். என் அம்மாவுக்கு பிபி, எனக்கும் எல்லையில் இருக்கிறது என்பதால் அது வேண்டாம் என்றார். மெத்தோட்ரெக்சேட் மெதுவாகத்தான் வேலை செய்யும், இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் கிடையாது. "எந்தக் கிழமை உங்களுக்கு மறக்காது?" என்று கேட்டார். தலைக்குக் குளித்து விளக்கேற்றுகிற வெள்ளிக்கிழமை என்றேன். சீட்டில் 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று தமிழிலேயே எழுதி, கீழே கோடு போட்டார். பக்கவிளைவைக் குறைக்கிற ஃபோலிக் ஆசிட் என்கிற வைட்டமின் மாத்திரை 5 மி.கி. ஞாயிற்றுக்கிழமை. முதல் வாரம் 2.5 மி.கி. மாத்திரை இரண்டு மட்டும், ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்த்தார்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இப்போது ஆறு, அதாவது 15 மி.கி.

மூன்றாவது மாதம் கிளினிக் மருந்தகம் மூடியிருந்ததால் வீட்டுப் பக்கத்து மெடிக்கலில் வாங்கினேன். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டியதில் பெயர் இருந்த பகுதி போய்விட்டது. மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் ஆசிட் இரண்டு மாத்திரையும் மஞ்சள். கடைக்காரர் இரண்டு கவரிலும் பேனாவால் 0-0-1 என்று குறித்துக் கொடுத்தார். தினமும் ராத்திரி ஒன்று! வாரக் கணக்கு போட்டால் 17.5 மி.கி., என் அளவைவிடக் கொஞ்சம்தான் கூட, ஆனால் தினமும் உள்ளே போனால் ரத்த அணுக்களை உண்டாக்குகிற எலும்பு மஜ்ஜை மீண்டு வர இடைவெளியே கிடைக்காது. இப்படித் தவறுதலாகச் சாப்பிட்ட சிலருக்கு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போயிருக்கிறது. ஐரோப்பாவில் இந்தத் தவறு நிற்காமல் நடந்ததால்தான் அங்குள்ள மருந்து முகமை 2019இல் வாரம் ஒரு முறை என்ற எச்சரிக்கையைப் பெட்டியிலேயே பெரிதாகப் போட வைத்தது. எனக்கு முன்னமே சொல்லிக் கொடுத்திருந்ததால் தப்பித்தேன். எழுத்து சரியாகத் தெரியாத என் சித்தி மாதிரி ஒருவர் அந்தக் கவரை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கடையில் போய்ச் சொன்னேன், மாற்றி எழுதிக் கொடுத்தார். நீங்கள் வாங்கினால் முழு அட்டையாகக் கேளுங்கள், வெட்டி வாங்காதீர்கள்.

கிளினிக்கில் குறையும் உண்டு. டோக்கன் போட்டாலும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், மாலையில் போன் எடுப்பதே இல்லை. காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சு வாங்குவது எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு போனை எடுக்காமல் இருந்தால் எப்படி? மது கூடாது, கோ-ட்ரைமாக்சசோல் என்கிற ஆன்டிபயாடிக் சேரவே சேராது, வலி மாத்திரையைக் கேட்காமல் போடக்கூடாது, உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசி கூடாது என்று டாக்டர் வாயால் நிறையச் சொல்கிறார், அதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும். நான் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி நோட்டில் எழுதிவைத்தேன்.

மாத்திரை விலை குறைவுதான், டெஸ்டுகளுக்குத்தான் செலவு. ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. போன முறை ரத்தத்தில் கல்லீரல் என்சைம் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது, ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தி மறுபடி பார்த்துவிட்டுத்தான் தொடரச் சொன்னார். முழங்கை மடிப்பு இப்போது காய்ந்து, பழைய தழும்பு மட்டும் கறுப்பாக இருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை வருகிற புதன்கிழமை, அத்தைதான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.