மூட்டுக் குளிசையும் சூடை மீனும்: முதிய நாய்க்கும் பூனைக்கும் கொடுத்துப் பார்த்த அனுபவம்

ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள எங்கள் வளவில் பத்து வயதைத் தாண்டிய ஒரு நாட்டு நாயும் அதைவிட மூத்த ஒரு பூனையும் இருக்கின்றன. இரண்டுக்கும் மூட்டுத் தேய்வு உண்டென்று மிருக வைத்தியர் சொன்ன பின்னர், மூட்டுக் குருத்தெலும்புக்கென்று விற்கப்படும் குளுக்கோசமீன், கொண்ட்ராய்ட்டின் என்ற இரண்டும் கலந்த குளிசையையும் மீன் எண்ணெயையும் நீண்ட காலமாகக் கொடுத்து வருகிறேன். இவற்றில் மீன் எண்ணெய்க்குச் செலவழித்த காசு வீண்போகவில்லை; குளிசையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

நாயின் நோவு எல்லோருக்கும் தெரிந்தது. சைக்கிளுக்குப் பின்னால் குளக்கட்டுவரை ஓடி வந்த நாய் படலையோடு நின்றுவிட்டது. படுத்து எழும்பும்போது பின்னங்கால்கள் நடுங்கின. பூனை எதையும் காட்டிக்கொள்ளவில்லை. விறாந்தையில் அடுக்கிய நெல் மூடைகளின் உச்சிக்கு ஒரே பாய்ச்சலில் ஏறும் அது, ஒவ்வொரு மூடையாகக் கால்வைத்து ஏறத் தொடங்கியது. உடலை வளைத்து நக்க முடியாததால் வாலடி மயிர் சடை பிடித்தது. தேயாத நகம் தடித்து உள்ளங்கால் தசைக்குள் வளைந்தது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பன்னிரண்டு வயதைக் கடந்த பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 சதவீதமானவற்றில் மூட்டுத் தேய்வு தென்பட்டது. ஆகவே கிழட்டுச் சோம்பல் என்று நாம் ஒதுக்குவதில் பாதி நோவாக இருக்கக்கூடும்.

குளுக்கோசமீன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. நந்திக்கடல் இறாலைத் துப்புரவாக்கிக் கோதை வெளியே கொட்டும் ஊரில் இருந்துகொண்டு, அதே பொருளைக் கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் இந்த விலைக்கு எடுப்பது கொஞ்சம் எரிச்சலான விடயந்தான். அது கிடைக்காமல் போன மாதங்களில் இரண்டு பிராணிகளின் நடையிலும் மாற்றம் தெரியவில்லை. மீன் எண்ணெய் நின்ற காலத்தில் நாயின் காலை விறைப்பு கூடியது. அது மாரி காலமாகவும் இருந்ததால் முழுப் பழியையும் எண்ணெய் நின்றதில் போட மாட்டேன். ஆனாலும் ஆய்வுகளிலும் மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்புக்குத்தான் குளுக்கோசமீனைவிட வலுவான ஆதாரம் உண்டு. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும்.

இப்போது போத்தல் எண்ணெயைக் குறைத்து, முல்லைத்தீவுச் சூடை மீனை உப்பு, தூள் சேர்க்காமல் முள் கரையும்வரை அவித்துக் கொடுக்கிறேன். சில மீன்களில் தயமின் உயிர்ச்சத்தை அழிக்கும் நொதியம் இருப்பதால் பச்சையாகக் கொடுப்பது நல்லதல்ல. மீன் எண்ணெய்க்குப் பதிலாக மீன் ஈரல் எண்ணெயை வாங்கிவிடக் கூடாது. அதிலுள்ள உயிர்ச்சத்து ஏ அளவு மீறிச் சேர்ந்தால் பூனையின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். நல்லெண்ணெயும் இதற்கு ஈடாகாது. திறந்த போத்தல் எங்கள் வெக்கைக்கு விரைவில் காறிப்போகும் என்பதால் சிறிய போத்தலே போதும்.

நாய்க்குச் சோற்றைக் குறைத்ததுதான் எல்லாவற்றிலும் கூடுதலாக உதவியது. 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வொன்றில், கால்பங்கு குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு வருடங்கள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோய்க்கான வைத்தியமும் அவற்றுக்குப் பிந்தியே தேவைப்பட்டது. இதை வீட்டில் நடைமுறைப்படுத்துவது குளிசை விழுங்க வைப்பதைவிடக் கடினம், ஏனெனில் அம்மா கோப்பையில் மிஞ்சியதையெல்லாம் நாய்க்கே போடுவார். வழுக்கும் மாபிள் தரையில் சாக்கு விரித்த பின்னர் அது எழும்பச் சிரமப்படுவதும் குறைந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, "பாவம், அரைவாசிப் பனடோல் குடுத்துப் பாருமன் தம்பி" என்றார். பனடோலில் உள்ள பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அரைக் குளிசையே அதைக் கொல்லக்கூடும். மனிதருக்கான இபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் குளிசைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நோவு கடுமையான நாட்களில் வைத்தியர் நிறை பார்த்து எழுதித் தந்த மெலொக்சிகாம் என்ற நோவு மருந்தை மட்டுமே நாய்க்குக் கொடுக்கிறேன். கையிலுள்ள குளுக்கோசமீன் போத்தல் முடிந்ததும் அதைத் திரும்ப வாங்குவதாக இல்லை. அந்தக் காசு சூடை மீனுக்கும் பூனையின் இரத்தப் பரிசோதனைக்கும் போகும்.