மூன்றாம் வகுப்புப் பாடநூல் பிடிஎஃப்: ஒரு வருடம் பயன்படுத்திய அம்மாவின் விமர்சனம்

மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவில் படிக்கிறாள். போன வருடம் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது முதல் பருவப் புத்தகத்தைப் பேருந்தில் தொலைத்துவிட்டு வந்தாள். அழுகை. அன்று இரவுதான் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்துக்குள் முதல்முறையாகப் போனேன். வகுப்பு, பருவம், பயிற்று மொழி மூன்றையும் தேர்வு செய்தால் புத்தகம் முழுசாக இறங்கிவிடுகிறது. காசு கிடையாது. மறுநாள் தேவைப்பட்ட பத்துப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் எனக்கு இதில் பெரிய உதவி வேறு. நான் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். அறிவியல் பாடத்தை அவள் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டால் தடுமாறுவேன். இப்போது தமிழ் வழிப் புத்தகத்தையும் இறக்கி வைத்திருக்கிறேன், அதே பாடம், அதே படம், நான் தமிழில் பார்த்துக்கொண்டு அவளுக்கு விளக்குகிறேன், அவள் பதிலுக்கு ஆங்கிலச் சொல்லை எனக்குச் சொல்லித் தருகிறாள். டியூஷன் அனுப்ப வேண்டும் என்ற பேச்சே வீட்டில் நின்றுவிட்டது. பாடங்களில் இருக்கும் கியூஆர் கோடை திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்து வீடியோவும் பார்க்கலாம், எங்களுக்குப் புத்தகமே போதுமானதாக இருந்தது. பிடிஎஃப் பெரிய கோப்பு, டேட்டா நிறைய இருக்கும் நாளில் இறக்கிக்கொள்ளுங்கள்.

சரி, குறை எங்கே என்றால், பாடநூல் மட்டும் கையில் இருந்தால் வகுப்பில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நடக்கிறது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. இதில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (மேல் நிலை) என்று கற்றல் நிலைப்படி பிரித்து, அதற்கேற்ற பயிற்சி நூலில் எழுத வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, பின்தங்கிய பிள்ளையை விட்டுவிட்டு வகுப்பு ஓடாது. ஆனால் எங்கள் பள்ளியில் அந்தப் பயிற்சி நூல் வீட்டுக்கு வராமல் வகுப்பு அலமாரியிலேயே இருந்தது. மகள் கணக்கில் மொட்டு நிலையில் இருக்கிறாள் என்பதே எனக்கு இரண்டாம் பருவத்தில்தான் தெரிந்தது. அதுவரை நான் வீட்டில் பாடநூலை வைத்துக்கொண்டு, அவளுக்கு இன்னும் பிடிபடாத கணக்குகளைப் போடச் சொல்லித் திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

டீச்சரிடம் கேட்டேன். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் பாதிப் பேர் மறுநாள் கொண்டு வருவதில்லை, வகுப்பு நடத்த முடியவில்லை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசினேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அதனால் இந்த மாதிரி விஷயத்தைத் தயங்காமல் அங்கே எடுக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாக்களும் தங்கள் பிள்ளை எந்த நிலை என்று தெரியாது என்றார்கள்.

பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை பயிற்சி நூல் வீட்டுக்கு வரும், திங்கட்கிழமை காலை பையில் திரும்பப் போக வேண்டும், அதற்கு அம்மா அப்பாதான் பொறுப்பு. மூன்றாம் பருவம் முழுக்க அப்படித்தான் நடந்தது. பாடநூலுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. ஆனால் இறக்குவதோடு நிற்காமல், உங்கள் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்று ஜூன் மாதமே டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நான் அதைக் கேட்க ஆறு மாதம் தாமதமாகிவிட்டது.