கொளத்தூரில் வாங்கிய ‘இம்போர்ட்டட்’ தாமிரபரணிக் கெண்டை

சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் சந்தையில் ஒரு கடை, பெயர் வேண்டாம். எட்டு மாதத்துக்கு முன்னால் அங்கே ஆறு ‘அருலியஸ் பார்ப்’ வாங்கினேன், தொட்டியில் வளர்க்கும் ஒரு கெண்டை வகை. ஒன்று 90 ரூபாய். தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் ‘இம்போர்ட்டட்’ என்று வேறு போட்டிருந்தது. பாங்காக் பண்ணைக் குஞ்சுகளாம்.

வாங்கும்போது பார்க்க ஒன்றுமே இல்லை. வெளிறின உடம்பில் கறுப்புத் திட்டுகள், அவ்வளவுதான். பக்கத்துத் தொட்டிக் கப்பி மீனே அழகு. ஐந்தாம் மாதம்தான் ஆண் மீன்களின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழை கிளம்பியது. காலை வெயில் பட்டால் செதில் பச்சையும் ஊதாவுமாக மின்னுகிறது.

அந்த இழையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். நான் அம்பாசமுத்திரத்துக்காரன். சின்ன வயதில் படித்துறையில் துண்டை விரித்துப் பிடித்த கெண்டைகளில் இந்த மூஞ்சி உண்டு. தேடிப் படித்தேன். அசல் அருலியஸ் காவிரிப் பக்கத்து மீன். தாமிரபரணி மீனை 1954இல் சைலஸ் என்ற ஆய்வாளர் அதன் கிளையினமாக விவரித்தார். இப்போது அது தனி இனம், டாகின்சியா தம்ப்ரபர்னியை. கடைகளில் அருலியஸ் என்று விற்பது பெரும்பாலும் இதுதான். டாகின்சியா என்ற பேரினப் பெயர் 2012இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாகின்ஸ் பெயரால் வைத்தது. எங்க ஊர் ஆற்று மீனுக்கு நாத்திகர் பெயர்! பாபநாசநாதர் பொறுத்துக்கொள்வார்.

சரி, கடைக்கு வருவோம். ஆக்ஸிஜன் அடித்து, இரட்டைக் கவர் போட்டு, நன்றாகத்தான் கட்டிக் கொடுத்தார்கள். வழியில் ஒன்றும் சாகவில்லை. ஆனால் சொன்ன தகவல் எல்லாம் தப்பு. “ரெண்டு இன்ச்தான் சார் வளரும்” என்றார் கடைக்காரர். இது நான்கு அங்குலத்தைத் தாண்டும் மீன். இரண்டடித் தொட்டியை மாற்ற வேண்டியதாயிற்று. ஓடுகிற தண்ணீரில் வாழ்ந்த இனம் என்பதால் பம்ப் வைத்து நீரோட்டம் கொடுத்த பிறகுதான் கூட்டமாக நீந்தின. மூடி போடச் சொல்லவில்லை, ஒன்று துள்ளி வெளியே விழுந்து செத்துப்போய்விட்டது.

அப்புறம் அந்த வெள்ளைப் புள்ளி. ஆண்களின் மூக்கில் மட்டும் பொடிப்பொடியாக வந்தது. படம் அனுப்பினால், “வொயிட் ஸ்பாட் நோய்” என்று 150 ரூபாய்க்கு மருந்தைத் தலையில் கட்டிவிட்டார். அது நோயே இல்லை, இனப்பெருக்கக் காலத்தில் ஆண்களுக்கு வரும் பரு. இரண்டு நாளில் தொட்டியில் வளர்க்கும் ஜாவா மாஸ் பாசியில் முட்டை கிடந்தது. நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் போட்டவையே தின்று தீர்த்துவிட்டன.

மீனுக்கு ஐந்துக்கு ஐந்து, கடைக்கு இரண்டரை. ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலிட்ட மீன் இது. சீட்டிலாவது பெயரைச் சரியாகப் போடுங்கள் என்று போன வாரம் நேரிலேயே போய்ச் சொன்னேன்.

“தாமிரபரணின்னு போட்டா எவன் சார் தொண்ணூறு ரூபா குடுப்பான்?”