22 மணித்தியாலமும் பிளேன் ரீயும்: என் அலைனர் அனுபவம்

பல்லை நேராக்க அலைனர் (கழற்றி மாட்டக்கூடிய, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறை) போடலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை தரம் தேத்தண்ணி குடிப்பீர்கள் என்பதுதான். விலை, வலி, வடிவு எல்லாம் பிறகு. ஒன்றரை வருசத்துக்கு மேல் இதைப் போட்டு முடித்து, இப்போது, நேரான பல் திரும்ப நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னரில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை ஒழுங்காகச் செய்ய, கொஞ்சம் வாயைக் கட்டத்தான் வேண்டும்.

என் பிரச்சினை பெரிதல்ல. கீழ்வரிசை முன்பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மேலே ஒரு வேட்டைப்பல் திரும்பியிருந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் கம்பி போட வசதிப்படவில்லை. முப்பது தாண்டி, ரியூசன் வகுப்பில் கணக்கீடு படிப்பிக்கும்போது வாய் நிறையக் கம்பியோடு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க எனக்கு மனமில்லை. அதனால் அலைனர். 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் ஒன்றின் இன்விசலைன்தான் இந்த முறையைப் பரவலாக்கியது. இப்போது வேறு கம்பனிகளும் செய்கின்றன. நான் போட்டது விலை குறைந்த வேறொன்று.

இது வேலை செய்யும் விதம் எளிது. ஒன்றன்பின் ஒன்றாகப் போட ஒரு தொகுதி உறைகள் தருவார்கள், ஒவ்வொன்றையும் ட்ரே என்பார்கள். ஒவ்வொரு ட்ரேயும் பல் இன்று நிற்கிற இடத்துக்கு அல்லாமல், அடுத்துப் போய் நிற்கவேண்டிய இடத்துக்கு அளவாக வார்க்கப்பட்டிருக்கும். வித்தியாசம் ஏறக்குறையக் கால் மில்லிமீற்றர். போட்டதும் ஓர் இறுக்கம் தெரியும். அந்த அழுத்தத்தில் ஒரு பக்கத்து எலும்பு கரைந்து வழிவிட, மறுபக்கத்தில் புது எலும்பு வளரும். அழுத்தம் விட்டு விட்டுக் கிடைத்தால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதனால்தான் ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணித்தியாலம் என்று டொக்டர்மார் அடித்துச் சொல்கிறார்கள். ஒரு ட்ரே ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ, பிறகு அடுத்தது.

24இல் 22 போனால் மிச்சம் இரண்டு. காலை இடியப்பம், மத்தியானச் சோறு, இராப் புட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு பல் தீட்டுவது எல்லாம் அந்த இரண்டுக்குள் முடியவேண்டும். ட்ரேயோடு குடிக்கக்கூடியது பச்சைத்தண்ணி மட்டும். சூடான தேத்தண்ணி பிளாஸ்டிக்கை நெளித்துவிடும், சாயமும் ஏற்றிவிடும். சீனி உள்ளே சிக்கினால் உமிழ்நீர் போய்க் கழுவ வழியில்லாமல் பல் சூத்தையாகும். ஆக ஒரு பிளேன் ரீ என்றாலும் கழற்றி, குடித்து, கொப்பளித்து, மாட்டவேண்டும். கால் மணித்தியாலம் போய்விடும். நாளைக்கு ஐந்து தரம் குடிக்கிறவர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் இருக்கும்போது சமாளிக்கலாம். ஆட்கள் வீட்டுக்குப் போனால்தான் தொல்லை. கோண்டாவில் சின்னம்மா வீட்டுப் படலையைத் திறக்கும்போதே உள்ளே கேத்தில் ஏறிவிடும்.

“என்ன பிள்ளை, எங்கட வீட்டுத் தேத்தண்ணி பிடிக்கேல்லையோ?”

“இல்லைச் சின்னம்மா, பல்லிலை மாட்டியிருக்கிறன்.”

“அதைக் கழட்டி அங்காலை வைச்சிட்டுக் குடியன்!”

இரண்டு முறைக்கு மேல் மறுத்தால் அது பல்லுப் பிரச்சினையாக இராது, குடும்பப் பிரச்சினையாகிவிடும். அதனால் ஒரு வழி பழகிக்கொண்டேன். யார் வீட்டுக்குப் போவதென்றாலும் மத்தியானச் சாப்பாட்டை முடித்த கையோடு, ட்ரேயைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு நேரே அங்கே போவது. சாப்பாடும் தேத்தண்ணியும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். பயத்தம் பணியாரத்தைச் சுற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்து இராச் சாப்பாட்டோடு தின்பேன். நொறுக்குத்தீனி தானாக நின்றுபோனது. முறுக்குக் கடிக்க ஆசை வந்தாலும், ஒரு முறுக்குக்காகக் கழற்றித் தீட்டி மாட்டுவதை நினைத்தால் ஆசை அடங்கிவிடும்.

எதிர்பாராத உதவி விரதங்களிலிருந்து வந்தது. நல்லூர்த் திருவிழா 25 நாள். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் ஒருநேரச் சாப்பாடு. பிறகு கந்தசஷ்டி ஆறு நாள். அந்த நாட்களில் 22 மணித்தியாலம் சிரமமில்லாமல் வந்தது. புது ட்ரே போட்டால் முதல் இரண்டு நாளில் தெரியும் இறுக்கமும் சீக்கிரமே தளர்ந்தது. முருகனுக்கும் ஓர்தொடொன்ரிக்ஸ் என்கிற பல் சீராக்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா சிரிப்பார்.

எந்த விளக்கக் கையேட்டிலும் நான் காணாத ஒரு விஷயம், எங்கள் கிணற்றுத் தண்ணி. குடாநாட்டின் அடி சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படலம் ட்ரேயிலும் படியும். கழுவி வைத்தால் கண்ணாடிபோல் இருந்தது, காய்ந்தால் மங்கிப்போய்க் கரகரவென்று நாக்கில் படும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், அந்தக் கீறலில் அழுக்கு இன்னும் பிடிக்கும். எனக்குச் சரிவந்தது வெள்ளை வினாகிரி. கொஞ்சத்தைப் பச்சைத்தண்ணியில் கலந்து, கால் மணித்தியாலம் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, வடிகட்டிய குடிதண்ணியில் அலசினால் படலம் போய்விடும். கிழமைக்கு ஒருமுறை காணும். வெந்நீரில் போடவே கூடாது. வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் சீற்றுக்குக் கீழேயும் ட்ரேப் பெட்டியை வைக்கவேண்டாம்.

கதைப்பதில் முதல் சில நாள் ‘ச’வும் ‘ஸ’வும் காற்றோடு வந்தன. வகுப்புக்குப் போகுமுன் வீட்டில் பாடக்குறிப்பைச் சத்தமாக வாசித்துப் பழகினேன். பிள்ளைகள் யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் காட்டிக்கொள்ளவில்லை. ட்ரேயின் விளிம்பு நாக்கை உரசிய இடத்தை நகம் தேய்க்கும் அரத்தால் கொஞ்சம் மழுக்கினேன், டொக்டரிடம் கேட்டுத்தான்.

‘கண்ணுக்கே தெரியாது’ என்கிறார்களே, அது முழு உண்மையில்லை. ட்ரே பிடித்து இழுப்பதற்காகச் சில பற்களில் பல் நிறத்தில் சிறு மொட்டுகள் ஒட்டுவார்கள், அற்றாச்மென்ற் என்று பெயர். கிட்ட நின்று பார்த்தால் தெரியும். ஓரத்தில் மஞ்சளும் பிடிக்கும். சொதி, பருப்பு என்று மஞ்சள் இல்லாமல் நாங்கள் என்ன சாப்பிடுகிறோம்? வேட்டைப்பல்லில் இருந்த மொட்டு ஒருநாள் கொத்துரொட்டியோடு கழன்றுபோனது. அது இல்லாமல் ட்ரே அந்தப் பல்லைத் திருப்பாது. கிளினிக்குக்கு எடுத்துச் சொன்னதும் திரும்ப ஒட்டிவிட்டார்கள். கீழ்ப்பற்களுக்கு இடம் எடுக்க, இடையில் மெல்லிய பட்டியால் மில்லிமீற்றரில் சிறு பங்கு தேய்த்தார்கள். வலியில்லை, சத்தம்தான் பல்லைக் கூசவைத்தது.

கீழ்வரிசை சொன்னபடி வந்தது. வேட்டைப்பல் வரவில்லை. உருண்டையான பல்லைப் பிடித்துத் திருப்ப அலைனர் சிரமப்படும் என்பதை டொக்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். கடைசி ட்ரே முடிந்தபோது அந்தப் பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் வெறும் இடைவெளி தெரிந்தது. திரும்ப ஸ்கேன் எடுத்து, இன்னொரு தொகுதி ட்ரே செய்து, மாதக்கணக்காக இழுத்துத்தான் முக்கால்வாசி திரும்பியது. மிகவும் கோணித் திரும்பி நிற்கிற பற்கள், மேலே ஏறி நிற்கிற பற்கள் உள்ளவர்களுக்குக் கம்பியே மேல் என்பது என் எண்ணம். இந்த இரண்டாம் தொகுதிக்கும் ரிட்டெய்னருக்கும் காசு முதலில் பேசிய தொகைக்குள் அடக்கமா என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னிடம் ரிட்டெய்னருக்குத் தனியாக எடுத்தார்கள்.

கனடாவில் இருக்கும் மச்சாள், வீட்டிலேயே அச்செடுத்துத் தபாலில் அனுப்பினால் அலைனர் வரும், பாதிக் காசுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படி விற்றுப் பெயர் எடுத்த ஸ்மைல் டிரெக்ட் கிளப் 2023 டிசம்பரில் இழுத்து மூடியபோது, சிகிச்சை நடுவில் இருந்தவர்கள் அந்தரத்தில் நின்றார்கள். எக்ஸ்ரே எடுத்து, ஈறையும் வேரையும் பார்த்த ஆள் கூப்பிடு தூரத்தில் இருப்பதற்கு நான் கூடக் கொடுத்த காசைப் பற்றி வருத்தமில்லை.

இப்போது இரவில் மட்டும் ரிட்டெய்னர். முதல் சில மாதம் பகலிலும் போட்டேன். இது எத்தனை காலத்துக்கு என்று கேட்டதற்கு, பல் நேராக இருக்கவேண்டிய காலம் வரைக்கும் என்றார் டொக்டர். இரண்டு இரவு விட்டாலே மூன்றாம் இரவு இறுக்குவது தெரிகிறது. ஒரு சோடி உடைந்தால் அடுத்தது வரும்வரை பல் காத்திராது என்பதால் மேலதிகமாக ஒரு சோடி செய்து வைத்திருக்கிறேன். கடைசி ஸ்கேன் கோப்பையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கிளினிக் மாறினாலும் அந்தக் கோப்பிலிருந்து புதிதாகச் செய்துகொள்ளலாம். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் யாரும் தாமாகத் தருவதில்லை.