ப-வுக்கும் த-வுக்கும் நடுவில்: ஃபெண்டர் 400, ஆல்-புல், எம்மன்ஸ்

போன மாதம் என் ஃபெண்டர் 400 பெடல் ஸ்டீல் கிற்றாரின் முதல் பெடலை இயக்கும் கம்பி அறுந்துவிட்டது. திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் வீடு. உப்புக்காற்று எந்த இரும்பையும் சும்மா விடாது, கம்பிக்கும் வயது போய்விட்டது. சைக்கிள் கடையில் ஒரு பிரேக் வயர் வாங்கி, அளவுக்கு வெட்டி, நுனியில் கண்ணி போட்டு மாட்டினேன். பெடல் பழையபடி வேலை செய்கிறது.

வயர் மாட்டும் வரை மற்றக் கிற்றாரைத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. அது ஆல்-புல் வகை (சுருதியை ஏற்றவும் இறக்கவும் தண்டு இழுக்கும்), ஒற்றைக் கழுத்து, பழகுகிறவர்களுக்கென்று செய்த மாதிரி. கம்பனிப் பெயர் வேண்டாம். வருடக்கணக்காக இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து வந்திருக்கிறேன். ஆனாலும் இடைவெளி இல்லாமல் அதை மட்டும் வாசித்தபோதுதான் அதன்மேல் எனக்கு இருக்கும் கோபம் எவ்வளவு என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, மச்சான் ரொறன்ரோவில பார்த்து வாங்கி அனுப்புறன் எண்டு சொல்றார். எதை வாங்கச் சொல்ல?" அவருக்கு எழுதத் தொடங்கியதுதான் இது. பெடல், லீவர், ஈ9 சுருதி எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தந்திகளின்மேல் ஒரு உலோகப் பாரை வைத்து வாசிக்கும்போது, பாதத்தால் மிதிக்கும் பெடலும் முழங்காலால் தள்ளும் லீவரும் சில தந்திகளின் சுருதியை மட்டும் மாற்றும்; ஈ9 என்பது பத்துத் தந்திக் கிற்றாருக்கு வழக்கமாக வைக்கும் சுருதி.

ஈ9 சுருதியை நம்முடைய கணக்கில் ஒருமுறை பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். ஈ தந்தியை ஸட்ஜமாக வையுங்கள். பி தந்தி பஞ்சமம், ஜி ஷார்ப் அந்தர காந்தாரம், எஃப் ஷார்ப் சதுஸ்ருதி ரிஷபம், டி கைசிகி நிஷாதம். ஏ பெடலை (ஏ, பி என்பவை இங்கே பெடல்களின் பெயர்கள், சுரங்கள் அல்ல) மிதித்தால் பஞ்சமம் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏறும். பி பெடல் காந்தாரத்தைச் சுத்த மத்யமத்துக்கு ஏற்றும். ஈ தந்தியை இறக்கும் லீவர் ஸட்ஜத்தைக் காகலி நிஷாதத்தில் கொண்டுபோய் விடும். கையில் இருக்கும் பார் ஒரே கட்டத்தில் நிற்க, ஸட்ஜம் அடியில் ஒலித்துக்கொண்டிருக்க, அதன்மேல் காந்தாரம் மட்டும் மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு வரும். ஹவாயன் கிற்றாரில் பாரை நகர்த்தினால் எல்லாத் தந்தியும் ஒன்றாக நகரும், அங்கே இது வராது. இங்கே ஒரு தந்தி அசையும், பக்கத்துத் தந்தி நிற்கும். நாட்டுப்புற அமெரிக்கப் பாட்டுக்காகச் செய்த கருவி கீர்த்தனைக்கு இப்படிப் பொருந்தும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கோவில் பாடகர் குழுவோடு வாசித்து வாசித்துக் கண்டது. இன்றைக்கும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். பெடலின் இரண்டு முனையையும் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மிதித்தால் சுருதி சரியாகப் போய் நிற்கிறதா, விட்டால் சரியாகத் திரும்புகிறதா? அந்தக் கேள்வி தேவையானதுதான். ஆனால் நம் பாட்டு இருப்பது நடுவில். ஏ பெடலைப் பாதி மிதித்தால் சுத்த தைவதம் வரும். அங்கே நிற்க வேண்டும், அங்கேயிருந்து மெல்ல மேலே போக வேண்டும், போகிற வழியில் கொஞ்சம் ஆட வேண்டும். என் ஆல்-புல்லில் அந்த நடுத்தூரம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். பாதம் தொட்டதும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பி பெடல் அதைவிட மோசம். காந்தாரத்திலிருந்து மத்யமம் ஒரு அரைச்சுரம்தானே, பெடலின் ஓட்டமும் அதற்கேற்ப மிகச் சிறியது. கமகம் கேட்டால் சுவிட்ச் போட்டு அணைக்கிற மாதிரி இரண்டு சுரங்களை மாற்றி மாற்றித் தருகிறது. வேகமான இடங்களில் அது அழகு, அதை மறுக்க மாட்டேன். விளம்பத்தில் பாடும் ஒரு கீர்த்தனையின் அனுபல்லவிக்கு அது ஆகாது.

இதை வாசிக்கும் விபரம் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள்: பெல் கிராங்கில் (பெடலின் அசைவை இழுதண்டுக்குக் கடத்தும் சிறு நெம்பு) இழுதண்டைத் துளை மாற்றிப் போட்டால் ஓட்டம் நீளுமே என்று. நீளும். அச்சுக்குக் கிட்ட உள்ள துளையில் போட்டால் பெடல் நீளமாகவும் மெதுவாகவும் போகும். தொழில்முறை மாதிரிகளில் அதற்காகவே பல துளைகள் இருக்கும், தந்தியின் நுனியில் சுருதியை மாற்றும் பொறியான சேஞ்சரிலும் இருக்கும். என்னுடையதில் ஒரே துளைதான். செலவைக் குறைக்க எங்கேயோ கைவைக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் கைவைத்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஃபெண்டர் 400 இதற்கு நேரெதிர். 1950களின் பிற்பகுதியில் வந்த மாதிரி. எட்டுத் தந்தி, பெடலிலிருந்து சேஞ்சர் வரை தண்டுக்குப் பதிலாகக் கம்பி ஓடும், திரும்பி வரச் சுருள்வில். முழங்கால் லீவர் கிடையாது. என்னுடையதில் ஆறு பெடல் இருப்பதால், லீவர் செய்யும் வேலையையும் பாதத்துக்கே கொடுத்து வைத்திருக்கிறேன். கம்பியும் வில்லும் கொஞ்சம் கொடுத்து வாங்கும். அதனால் பெடல் மெத்தென்று நீளமாக இறங்குகிறது, சுத்த தைவதம் எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரிகிறது. ஒலி மெல்லியது, முன்னுக்கு வெளிச்சமாக நிற்கும், அடி கனம் குறைவு. அமெரிக்கப் பெடல் ஸ்டீல் கலைஞர் ஸ்னீக்கி பீட் கிளைனோ இந்த மாதிரியைத்தான் வாசித்தார். அவருடைய ஒலியைக் கேட்டவர்களுக்கு அந்தக் கூர்மை தெரிந்திருக்கும். குரலுக்குப் பின்னால் வாசிக்க எனக்கு அது மிகவும் பிடிக்கும், பாடகரின் குரலோடு மோதாது.

எம்மன்ஸ் புஷ்-புல் என்னுடையதல்ல. ரொறன்ரோவில் வேலை செய்த காலத்தில் நண்பர் ஒருவரின் வீட்டில் இரட்டைக் கழுத்துக் கிற்றார் ஒன்று இருந்தது, குளிர்காலம் முழுக்க அதை வாசிக்க விட்டார். 1950களில் ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து ஷோ-பட் என்ற பெடல் ஸ்டீல் கம்பனியைத் தொடங்கினார்கள். பிறகு எம்மன்ஸ் பிரிந்துபோய் ரொன் லாஷ்லியோடு சேர்ந்து செய்த கிற்றார் இது. சுருதி ஏற்றுவதற்கு இழுக்கும், இறக்குவதற்குத் தள்ளும். பெடல் சும்மா இருக்கும்போது தந்தியைத் தாங்கும் சேஞ்சரின் உலோக விரல் நேராக உடலில் முட்டி நிற்கிறது, ஒலி அவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்குப் பலரும் சொல்லும் காரணம் அதுதான். காரணம் எதுவானாலும், ஒரு தந்தியைத் தட்டியதும் நெஞ்சுக்கூட்டில் வந்து நிற்கும் ஒலி அது. நான் வாசித்த எந்தக் கிற்றாரிலும் அப்படிக் கேட்டதில்லை. பெடல் விறைப்பு, ஆனால் அந்த விறைப்பிலும் நடுத்தூரம் தெளிவாக இருந்தது. பாதத்தின் பாரத்தைப் பழகிக்கொண்டால் நிறுத்திய இடத்தில் நிற்கும்.

பிறகு ஏன் அதைத் தேடி வாங்கவில்லை என்று தம்பி கேட்கலாம். ஒரு பெடலின் வேலையை மாற்ற வேண்டுமென்றால் அடிப்பகுதியைக் கழற்றி மணிக்கணக்கில் இருக்க வேண்டும். இங்கே அது பழுதானால் கைவைக்கத் தெரிந்த ஆளில்லை. பெட்டியோடு சேர்த்து முப்பது கிலோவுக்கு மேல் வரும் சாமானை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பாலையூற்றுக்கும் நிலாவெளிக்கும் போவதும் நடக்கிற காரியமில்லை. ஷோ-பட்டை ஒரு மாலைதான் தொட்டேன். இனிமையான, மரம் பேசும் ஒலி. அதற்கு மேல் சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை.

இனி ஆல்-புல்லுக்கு நியாயமாக இருக்க வேண்டும். சுருதி நிற்பதில் அதை அடிக்க என் ஃபெண்டரால் முடியாது. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மண்டபத்துக்குள் காற்றே கொதிக்கும். மாரியில் சுவர் வியர்க்கும். இரண்டு காலத்திலும் ஆல்-புல்லின் நைலோன் திருகுகளை அதற்குரிய சாவியால் கொஞ்சம் தொட்டால் போதும். கம்பியும் வில்லும் உள்ள பொறியில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது அசையும், ஆராதனைக்கு முன் அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். ஏ, பி இரண்டையும் சேர்த்து மிதிக்கும்போது உடல் வளைந்து, தொடாத ஈ தந்தி சற்று இறங்குவதைக் கேபினெட் டிராப் என்பார்கள். என் ஆல்-புல்லில் அது ட்யூனரில் மட்டும் தெரிகிறது, காதுக்குத் தெரிவதில்லை. பிக்கப்பும் இரைச்சலைக் குறைக்கும் ஹம்பக்கர் வகை. டியூப்லைட்டும் மின்விசிறியும் நிறைந்த மண்டபத்தில் சிங்கிள் கொயில் பிக்கப் இரைவதைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். உடல் லாமினேட் மூடியது, உப்பு ஒட்டினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அதன் லீவர் ஒன்றின் அச்சு துருவேறித் தேய்ந்தபோது, டொக்யார்ட் வீதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் மறுநாளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து தந்தார்கள். அதற்குப் பிறகு அந்த லீவர் புதிதாக இருந்ததைவிட நன்றாக ஓடுகிறது.

எந்தக் கிற்றாரானாலும் அறுவது மேல் ஜி ஷார்ப் தந்திதான், ஈ9 கணக்கில் மூன்றாம் தந்தி. 0.011 அங்குலத் தந்தி, அதை இழுத்து மத்யமத்துக்குக் கொண்டுபோகும் வேலை முழுக்க சேஞ்சரின் வளைவில் நடக்கிறது. பெடல் ஸ்டீல் தந்திக்கட்டு இங்கே கடையில் கிடைக்காது. ஆனால் சாதாரண மின்கிற்றாருக்கு விற்கும் பதினொன்று அளவுக் கட்டில் 0.011, 0.014, 0.018 மூன்றும் இருக்கும். ஈ9இன் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தந்திக்கு அவை அப்படியே பொருந்தும். மற்றவற்றை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுக்கலாம். தடித்த தந்திகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். நிக்கல் ஒலி மென்மை, ஆனால் கடற்கரையில் சீக்கிரம் கறுத்துவிடுகிறது.

கீபோர்டோடு வாசிக்கிறவர்களுக்கு இன்னொன்று. கீபோர்டின் காந்தாரம் தூய காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயரம். ஜி ஷார்ப் தந்திகளைக் காதுக்கு இனிமையாக இறக்கி வைத்தால் கீபோர்ட் சேர்ந்ததும் உரசும். நான் இரண்டுக்கும் நடுவில் வைக்கிறேன், தனியாக வாசிக்கும் நாளில் முழுவதும் இறக்கிவிடுவேன்.

தம்பிக்கு என் பதில்: ஃபெண்டர் 400 வேண்டாம். லீவர் இல்லாமல் பழகத் தொடங்கினால் பிற்பாடு முழங்காலைப் பழக்குவது கஷ்டம், மேலிருக்கும் இரண்டு தந்தியும் இல்லாமல் பாதி வித்தை கைக்கு வராது, கம்பியோடும் வில்லோடும் மல்லுக்கட்ட ஒரு பொறுமை வேண்டும். பத்துத் தந்தி ஆல்-புல் ஒன்றை, மூன்று பெடலும் நான்கு லீவரும் உள்ளதாக, லாமினேட் உடலாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். காசு கொடுக்கும் முன் உங்கள் மச்சான் கிற்றாரைக் கவிழ்த்துப் பார்த்து, பெல் கிராங்கில் எத்தனை துளை என்று எண்ண வேண்டும். ஒரே துளை என்றால், விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் விட்டுவிட்டு வரட்டும்.

என்னுடைய ஆல்-புல்லை யாராவது நல்ல விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடுவேன். மேலே எழுதிய நல்லதெல்லாம் உண்மைதான், வாங்குகிறவரிடமும் அதையே சொல்வேன். ஃபெண்டரை யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை. மற்ற ஐந்து பெடலுக்கும் பிரேக் வயர் வாங்கி வைத்துவிட்டேன்.