ஆப்டோமெட்ரி படிக்க: கவுன்சலிங்கா மேனேஜ்மென்ட்டா, கல்விக்கடனா நகைக்கடனா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அவிநாசியிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். "ஏனுங்க மாமா, பக்கத்துலயே ஒரு காலேஜ்ல ஆப்டோமெட்ரி சீட் இருக்குதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டோணுமாம். கட்டிரட்டுங்களா?"

நான் பதினான்கு வருடமாக அந்த ஆப்டோமெட்ரி வேலையில், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடிப் பவர் பார்க்கிற வேலையில் இருப்பவன். "ரெண்டு நாள் பொறு கண்ணு" என்றேன். அன்று ராத்திரி அவள் அப்பாவோடு உட்கார்ந்து பேசியதுதான் இது.

மேனேஜ்மென்ட் சீட்டில் அலைச்சல் இல்லை. வீட்டிலிருந்தே போய்வரலாம், ஜூன் மாதமே மனசு நிம்மதியாகிவிடும். கவுன்சலிங் அப்படியல்ல. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டுக் கூப்பிடுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கிடைக்கிற கல்லூரி தூரமாக இருந்தால் ஹாஸ்டல் செலவும் சேரும்.

ஆனால் எந்த வழியில் உள்ளே போகிறோமோ, அதை வைத்துத்தான் பிறகு வரும் உதவிப் பணமும் அமைகிறது. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்கே. பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வராது. இது தெரியாமல் ஜூனில் முன்பணம் கட்டிவிட்டு, நாலு வருடமும் முழுக் கட்டணம் கட்டிய வீடுகளை எனக்குத் தெரியும். அதனால் கையில் ஒரு சீட் இருந்தாலும் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்காமல் விடவே கூடாது. அதுவரை அசல் மாற்றுச் சான்றிதழை யாரிடமும் கொடுக்க வேண்டாம். என் நண்பர் மகன் ஒரு கல்லூரியில் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அடுத்தது பணம். நம் பக்கம் கைக்குச் சட்டென்று வருவது நகைக்கடன். காலையில் வளையலைக் கொண்டுபோனால் மதியம் பணம். ஆனால் வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும், பெரும்பாலும் ஒரு வருடத்தில் திருப்பவோ மாற்றி வைக்கவோ வேண்டும். படிப்போ நாலு வருடம். கல்விக்கடனுக்கு வங்கிக்கு நாலைந்து நடை நடக்க வேண்டியிருக்கும், சரி. ஆனால் 4 லட்சம் வரை அடமானமோ வெளியாள் ஜாமீனோ கிடையாது, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. அதுவரை தனிவட்டிதான். பிற்பாடு கட்டும் வட்டிக்கு எட்டு வருடம் வருமான வரிக் கழிவும் உண்டு, பழைய வரி முறையில் இருந்தால். கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணையோடு போனால் மேலாளர் கேட்கும் கேள்வியும் குறையும். நகையை நான் ஹாஸ்டல், புத்தகம் என்று திடீரென வரும் செலவுக்கு மட்டும் வைத்திருக்கச் சொன்னேன். ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பது வேண்டவே வேண்டாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மூன்று வருட வகுப்புக்கு அப்புறம் வரும் ஒரு வருட இன்டர்ன்ஷிப் எங்கே என்று கேளுங்கள். இருட்டறையில் ரெடினோஸ்கோப் என்ற கைக்கருவியின் வெளிச்சத்தைக் கண்மணிக்குள் அடித்தால் செம்மஞ்சளாக ஒரு ஒளி திரும்பி வரும். நாம் அசைக்கும் பக்கமே அது அசைகிறதா, எதிர்ப்பக்கம் ஓடுகிறதா என்று பார்த்து லென்ஸை மாற்றி மாற்றி வைத்தால், ஒரு கட்டத்தில் அசைவு நின்று கண்மணி முழுக்க நிறையும். கண்ணாடிப் பவரைக் கணக்கிடுவது அப்படித்தான். அது பிடிபட நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்தாக வேண்டும். சோமனூரில் பாவு பிணைத்துப் பிணைத்துக் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிற ஒருவருக்கு, லென்ஸை மாற்றி மாற்றிப் போடும் ட்ரையல் ஃப்ரேமை மாட்டி, அவர் கையில் நூலையே கொடுத்துப் பார்க்கச் சொல்வது புத்தகத்தில் வராது. அவிநாசி சாலை அரவிந்த், சத்தி சாலை சங்கரா போல நாள்முழுக்கக் கூட்டம் வருகிற, கிராம முகாம் நடத்துகிற ஆஸ்பத்திரியோடு தொடர்புள்ள இடமென்றால் கொஞ்சம் கூடுதல் செலவானாலும் தகும்.

பல்கலைக்கழக அங்கீகாரத்தையும் பார்த்துவிடுங்கள். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 தேசியச் சட்டம் ஆப்டோமெட்ரியைப் பதிவு வேண்டிய தொழில்களில் சேர்த்துவிட்டது.

இரண்டு வருட டிப்ளமோ சீக்கிரம் சம்பளம் தரும், ஆனால் எம்.ஆப்டம் என்ற மேற்படிப்புக்குப் போக நினைத்தால் பட்டம் வேண்டும். அக்கா மகளுக்கு அந்த ஆசை இருக்கிறது. திங்கட்கிழமை முதல் பட்டதாரி சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போகிறாள். அட்வான்ஸ் கட்டவில்லை.